மெடிகேர் ஆண்டு மாற்றம்: மருந்துப் பையிலிருந்து தொடங்குங்கள்

ஜனவரி மாதம் பார்மசி கவுன்டரில் நிற்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது. டிசம்பர் வரை 47 டாலருக்கு வந்த மாத்திரைக்கு இப்போது முந்நூறு, நானூறு என்று கேட்கிறார்கள். "நாங்க பிளானை மாத்தவே இல்லையே" என்றால் கவுன்டரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்குவார், அவ்வளவுதான். பெயர் அதே பெயர், அட்டை அதே அட்டை. உள்ளே இருக்கும் கணக்கு மட்டும் ஜனவரி 1 முதல் வேறு.

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு மெடிகேர். அதில் தனியார் கம்பெனிகள் நடத்தும் பிளான்கள் (பின்னால் சொல்லும் மெடிகேப் தவிர) எல்லாமே ஓராண்டு ஒப்பந்தம். பிரீமியம் (மாதக் கட்டணம்), மருந்துப் பட்டியல், டாக்டர் பட்டியல், கோபே (ஒவ்வொரு முறையும் உங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு) எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் மாற்றிக்கொள்ளலாம். பதிலுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை நீங்களும் பிளானை மாற்றிக்கொள்ளலாம். அந்த வாசல் அக்டோபர் 15 அன்று திறந்து டிசம்பர் 7 அன்று மூடும்.

இந்த ஆண்டுதான் மெடிகேருக்குள் வந்தவர்களுக்கும், அப்பா அம்மாவுக்கு வரும் தபாலையெல்லாம் பிரித்துப் படிக்க வேண்டிய பிள்ளைகள், மருமகள்கள், மருமகன்களுக்கும் இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் "எந்த பிளான் நல்லது?" என்று கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. பக்கத்து வீட்டு மாமாவுக்கு அருமையாக இருக்கும் பிளான் உங்கள் அம்மாவின் மாத்திரைக்கு ஒத்துவராமல் போகலாம். வீட்டில் இருக்கும் மருந்துப் பையை மேசையில் கொட்டுங்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில், கையில் இருப்பது என்ன?

1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டபோது மெடிகேரில் இரண்டு பகுதிகள்தான் இருந்தன. மருத்துவமனையில் அட்மிட் ஆனால் பார்ட் ஏ. டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் பார்ட் பி. மருந்துக்கான பார்ட் டி 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்படி ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வளர்ந்ததால்தான் இன்று ஒருவரின் பர்ஸில் மூன்று அட்டைகள் இருக்கின்றன.

அந்த அட்டைகளை வெளியே எடுத்து வையுங்கள். சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தில் அரசு அட்டை எல்லோரிடமும் இருக்கும். அதோடு மருந்துக்கென்று ஒரு கம்பெனி அட்டையும், மெடிகேப் என்ற துணைக் காப்பீட்டுக்கு இன்னொரு அட்டையும் இருந்தால் நீங்கள் ஒரிஜினல் மெடிகேர் வழியில் இருக்கிறீர்கள். இதில் மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். ஆனால் பார்ட் பி செலவில் பொதுவாக 20 சதவீதம் உங்கள் பங்கு, அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மெடிகேப்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கம்பெனி அட்டைதான் என்றால் அது மெடிகேர் அட்வான்டேஜ், அதாவது பார்ட் சி. பெரும்பாலும் மருந்தும் அதற்குள்ளேயே அடங்கும். மாதப் பிரீமியம் பூஜ்யம் என்று விளம்பரம் வருவது இந்த வகைக்குத்தான். (பார்ட் பி பிரீமியத்தை அப்போதும் நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். விளம்பரத்தில் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.) இதில் உச்சவரம்பு உண்டு. 2026இல் நெட்வொர்க்குக்குள் (பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகள்) உங்கள் பங்கு 9,250 டாலரைத் தாண்டக் கூடாது என்பது அரசு வைத்த எல்லை, பல பிளான்கள் அதற்கும் குறைவாகவே வைத்திருக்கும். பதிலுக்கு நெட்வொர்க் டாக்டர்கள், சில சிகிச்சைக்குப் பிளானிடம் முன் அனுமதி என்று சில கட்டுகள் இருக்கும்.

இந்த இரண்டு வழிகளில் எதில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே நிறைய பெரியவர்கள் இருக்கிறார்கள். "ஏதோ மெடிகேர்னு போட்டிருக்கு" என்பார்கள். இது தெளிவாகாமல் மேற்கொண்டு ஒரு அடி வைக்க வேண்டாம்.

கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு ஒரு தனிக் குறிப்பு

நம் குடும்பங்களில் இது அடிக்கடி வரும் கேள்வி. இந்தியாவிலிருந்து பிள்ளைகள் அழைத்து வந்த பெற்றோர், 65 வயதுக்கு மேல், கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 ஆண்டுகள் இங்கே வசித்திருந்தால் மெடிகேரில் சேரலாம். ஆனால் பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்க, அவரோ அவருடைய கணவரோ மனைவியோ இங்கே 40 காலாண்டுகள், அதாவது சுமார் 10 ஆண்டுகள், சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) வரி கட்டியிருக்க வேண்டும். மகனோ மகளோ கட்டிய வரி இதில் சேராது. இந்தியாவில் வேலை பார்த்த ஆண்டுகளும் சேராது, ஏனென்றால் இரு நாடுகளுக்கும் இடையே அப்படி ஒரு உடன்படிக்கை இல்லை.

40 காலாண்டுகள் இல்லாதவர் பார்ட் ஏவைக் காசு கொடுத்து வாங்கலாம். 2026இல் முழுப் பிரீமியம் மாதம் 565 டாலர். 30 முதல் 39 காலாண்டுகள் இருந்தால் 311 டாலர். பார்ட் பி மட்டும் எடுத்துக்கொண்டு பார்ட் ஏவை விட்டுவிடுபவர்களும் உண்டு. அப்படி இருப்பவர்கள் அட்வான்டேஜ் பிளானில் சேர முடியாது, அதற்கு ஏ, பி இரண்டும் வேண்டும். மருந்துக்கான தனி பார்ட் டி பிளான் மட்டும் எடுக்கலாம்.

செப்டம்பரில் வரும் தபால்

செப்டம்பர் கடைசியில் தபால் பெட்டி நிரம்பி வழியும். கல்யாணப் பத்திரிகை போலப் பளபளவென்று, சிரித்த முகங்களோடு வருவதெல்லாம் விளம்பரம். தயங்காமல் குப்பைக்கு அனுப்பலாம். கறுப்பு வெள்ளையில், பார்க்கவே சலிப்பாக, நீங்கள் இப்போது இருக்கும் பிளானிடமிருந்தே வரும் ஒரு கட்டு காகிதம்தான் முக்கியம். மேலே 'ஆனுவல் நோட்டீஸ் ஆஃப் சேஞ்ச்', அதாவது ஆண்டு மாற்றக் கடிதம், என்று போட்டிருக்கும். செப்டம்பர் 30க்குள் அது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. வரவில்லையென்றால் பிளானைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தபாலுக்குப் பதிலாக மின்னஞ்சல் போதும் என்று முன்பு எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தால் அது இன்பாக்ஸில் எங்காவது புதைந்து கிடக்கும், அதையும் தேடிப் பாருங்கள்.

உள்ளே இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றில் இந்த ஆண்டு, பக்கத்தில் அடுத்த ஆண்டு. எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. மாதப் பிரீமியம் எவ்வளவு, மருந்துக்கான டிடக்டிபிள் (பிளான் பணம் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு, ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, ஸ்பெஷலிஸ்ட் கோபே எவ்வளவு, மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எவ்வளவு. இந்த வரிகளில் இடமும் வலமும் வேறுபடும் இடத்தையெல்லாம் பேனாவால் வட்டம் போடுங்கள்.

டிடக்டிபிளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பார்ட் டி பிளான் வைக்கக்கூடிய அதிகபட்ச டிடக்டிபிள் 2025இல் 590 டாலராக இருந்தது, 2026இல் 615 ஆகியிருக்கிறது. நிறைய பிளான்கள் மலிவான ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத) மருந்துகளுக்கு டிடக்டிபிள் வாங்குவதில்லை, பிராண்ட் மருந்துக்கு மட்டும்தான் வாங்கும். ஆகவே ஆண்டு முழுக்க கோபே குறைவாக இருந்தாலும் ஜனவரியில் முதல் ரீஃபிலுக்கு மொத்தமாக அடி விழும். கவுன்டர் அதிர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பிளான் அடுத்த ஆண்டு உங்கள் பகுதியிலிருந்தே விலகிப்போகிறது என்றால் அதற்குத் தனிக் கடிதம் வரும். அதை மட்டும் பத்திரமாக வையுங்கள், பின்னால் பயன்படும்.

மருந்துப் பை

இப்போது பையைக் கொட்டலாம். ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து, மருந்தின் முழுப் பெயர், மில்லிகிராம், மாத்திரையா கேப்ஸ்யூலா, ஒரு நாளைக்கு எத்தனை, ஒரு முறை வாங்கினால் 30 நாளா 90 நாளா என்று எழுதுங்கள். "சுகர் மாத்திரை, காலையில ஒண்ணு" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையே எடுத்துக்கொள்ளுங்கள். மலிவிலும் மலிவான மருந்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மெல்லக் கரையும் இஆர் வகையில் மட்டும் மூன்று விதம் இருக்கிறது. குளூக்கோஃபேஜ் எக்ஸ்ஆரின் ஜெனரிக் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஃபோர்டாமெட், க்ளுமெட்சா இரண்டின் ஜெனரிக்குகளும் பல மடங்கு விலை, பல பிளான்களின் பட்டியலிலேயே இருக்காது. மூன்றின் டப்பாவிலும் மெட்ஃபார்மின் இஆர் 500 என்றுதான் இருக்கும். கணினியில் தேடும்போது பெயருக்குப் பக்கத்தில் ஆஸ்மோட்டிக், மாடிஃபைட் என்று ஒரு வால் இருந்தால் உஷாராகிவிடுங்கள். உங்கள் டப்பாவில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் பார்மசிஸ்டைக் கேளுங்கள், அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். விலை அதிகமான வகையாக இருந்தால், சாதாரண வகைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்பது பிளானை மாற்றுவதைவிடச் சுலபம்.

ஊரிலிருந்து கொண்டு வந்த மருந்துகளை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பார்ட் டி அதற்குப் பணம் தராது, அதற்குச் செலவழித்தது எந்த உச்சவரம்புக் கணக்கிலும் வராது.

நல்ல சேதி ஒன்றும் உண்டு. 2022இல் வந்த சட்டத்தால் பார்ட் டி மருந்துக்கு உங்கள் கையிலிருந்து போகும் பணத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. 2025இல் 2,000 டாலர், 2026இல் 2,100. அதைத் தொட்டுவிட்டால் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மீதி ஆண்டு முழுக்க ஒரு பைசா கட்ட வேண்டாம். இன்சுலின் ஒரு மாத சப்ளைக்கு 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. 2026 ஜனவரி முதல், அரசே பேரம் பேசிக் குறைத்த விலையில் 10 மருந்துகள் வருகின்றன. நம் வீடுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஜனுவியா, ஜார்டியன்ஸ், எலிக்விஸ் மூன்றும் அதில் உண்டு. ஜனுவியாவின் 30 நாள் விலை 113 டாலர் என்று முடிவாகியிருக்கிறது, முன்பு பட்டியல் விலை 500ஐத் தாண்டியிருந்தது. 2027இல் இன்னும் 15 மருந்துகள் சேர்கின்றன, ஓசெம்பிக் உட்பட. ஆனால் அந்த விலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது பிளானுக்குப் பிளான் மாறும். ஆகவே பட்டியல் போடும் வேலையிலிருந்து தப்ப முடியாது.

ஜனவரியில் மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள், அதை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் வசதியைப் பிளானிடம் கேட்டுப் பெறலாம். வட்டி கிடையாது.

டாக்டர் ஆபீசுக்கு ஒரு போன்

ஒரிஜினல் மெடிகேர் வழியில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அட்வான்டேஜில் இருப்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாத வேலை.

பிளானின் வலைத்தளத்தில் இருக்கும் டாக்டர் பட்டியலை நம்பாதீர்கள். அதில் ஓய்வு பெற்றவர்கள், வேறு ஊருக்குப் போனவர்கள் எல்லாம் இன்னும் இருப்பார்கள். டாக்டர் ஆபீசையே கூப்பிட்டு, பில்லிங் பார்ப்பவரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். "மெடிகேர் எடுப்பீர்களா?" என்றால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும், அதனால் ஒரு பயனும் இல்லை. "இந்தக் கம்பெனி எடுப்பீர்களா?" என்றாலும் போதாது. ஒரே கம்பெனி ஒரே ஊரில் ஏழெட்டு பிளான்கள் வைத்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் வேறாக இருக்கலாம். பிளானின் முழுப் பெயர், எச்எம்ஓவா (பொதுவாக நெட்வொர்க்குக்குள் மட்டும்) பிபிஓவா (கூடுதல் செலவில் வெளியேயும் போகலாம்), எச் என்ற எழுத்தில் தொடங்கும் அதன் எண் எல்லாவற்றையும் சொல்லி, "ஜனவரி 1க்குப் பிறகும் இதே கிளினிக்கில் டாக்டர் இந்த நெட்வொர்க்கில் இருப்பாரா?" என்று கேளுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று ஏதாவது ஒரு ஸ்பெஷலிஸ்டைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அவரையும் விசாரிக்க வேண்டும், அவர் அட்மிட் செய்யும் மருத்துவமனையையும் விசாரிக்க வேண்டும். டாக்டர் உள்ளே, மருத்துவமனை வெளியே என்பது நடக்கக்கூடியதுதான்.

கணினி முன் உட்காரும் நாள்

மெடிகேர் டாட் கவ் தளத்தில் பிளான்களை ஒப்பிடும் பகுதி ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பிளான்கள் அக்டோபர் 1 முதலே அங்கே தெரியும். கணக்குத் தொடங்காமலேயே பார்க்கலாம். ஜிப் கோடு போட்டு, மருந்துப் பட்டியலை ஒவ்வொன்றாக ஏற்றி, வழக்கமாகப் போகும் பார்மசியையும் வேறு இரண்டு மூன்று பார்மசிகளையும் தேர்ந்தெடுங்கள். பார்மசியை மாற்றினாலே சில மருந்துகளின் விலை பாதியாகும். பிளானுக்கு விருப்பமான பார்மசி என்று ஒரு வகை இருப்பதுதான் காரணம், பக்கத்துத் தெருக் கடையே அந்த வகையாக இருந்தாலும் இருக்கும். அந்தப் பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

வரும் பிளான்களை மாதப் பிரீமியத்தை வைத்து அடுக்காதீர்கள். பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்து ஓராண்டுக்கு எவ்வளவு என்ற வரிசையில் அடுக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. பூஜ்யம் பிரீமியம் பிளான் அந்தக் கணக்கில் ஏழாவது எட்டாவது இடத்துக்கு இறங்குவதைப் பார்க்கலாம். இப்போதைய பிளானின் அடுத்த ஆண்டுக் கணக்கையும் அதே பக்கத்தில் பாருங்கள். வித்தியாசம் ஆண்டுக்கு ஐம்பது அறுபது டாலர்தான் என்றால் நான் மாற்ற மாட்டேன். புது அட்டை, புது முன் அனுமதி, புது பார்மசிப் பதிவு என்று அலைவதற்கு அந்தப் பணம் ஈடாகாது. சில நூறு டாலர் என்றால் மாற்ற வேண்டியதுதான்.

அட்வான்டேஜ் பிளான்களில் பல், கண்ணாடி, ஜிம், கடையில் தேய்க்கும் கார்டு என்று இணைப்புகள் வரும். இவற்றை வைத்துப் பிளானைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பல் வைத்தியம் என்று போட்டிருந்தால் ஆண்டுக்கு எத்தனை டாலர் வரை, ரூட் கேனால் உண்டா, எந்தப் பல் டாக்டர் என்று கேளுங்கள். பாதி விளம்பரம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற அரசு உதவியில் நடக்கும் இலவச ஆலோசனை உண்டு. கலிஃபோர்னியா, டெக்சாஸ் இரண்டிலும் அதற்கு ஹைகேப் என்று பெயர், ஃப்ளோரிடாவில் ஷைன், வாஷிங்டன் மாநிலத்தில் ஷிபா. அவர்களுக்கு கமிஷன் கிடையாது, அதுவே பெரிய விஷயம். அக்டோபர் முதல் வாரத்திலேயே நேரம் வாங்கிவிடுங்கள், நவம்பர் கடைசியில் கிடைப்பது கஷ்டம். மெடிகேரின் சொந்த எண் 1-800-633-4227. மொழிபெயர்ப்பாளர் இலவசம், தமிழ் வேண்டும் என்று கேளுங்கள். பெற்றோர் சார்பில் நீங்கள் பேசுவதாக இருந்தால் அவர் பக்கத்தில் இருந்து "என் மகளிடம் பேசலாம்" என்று வாயால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அது சிரமம் என்றால், தகவலைப் பகிர அனுமதி தரும் படிவம் ஒன்று இருக்கிறது, ஒருமுறை பூர்த்தி செய்து அனுப்பிவிடுங்கள்.

மெடிகேப்: விடுவதற்கு முன் யோசிக்க வேண்டியது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நினைக்கிறோம். மெடிகேப் அந்தக் கணக்கில் வராது. 65 வயது முடிந்து பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து 6 மாதம் வரைதான், உடம்பில் என்ன நோய் இருந்தாலும் எந்தக் கேள்வியும் இல்லாமல் மெடிகேப் தருவார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலைக் கேள்வித்தாள் வரும். சர்க்கரை, பைபாஸ், ஸ்டென்ட் என்று எழுதினால் மறுக்கலாம், அல்லது விலையை ஏற்றலாம். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெயின் மாநிலங்களில் விதி தளர்வானது. கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவர், பிறந்தநாளிலிருந்து 60 நாட்களுக்குள் அதற்குச் சமமான அல்லது குறைந்த மெடிகேப்புக்குக் கேள்வித்தாள் இல்லாமல் மாறலாம்.

ஆகவே மாதம் இருநூறு டாலர் மிச்சம் என்று மெடிகேப்பை விட்டுவிட்டு அட்வான்டேஜுக்குப் போகிறவர், திரும்பி வரும் கதவு திறந்தே இருக்கும் என்று எண்ணக் கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு. மெடிகேப்பை விட்டு முதல்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு 12 மாதம் சோதனைக் காலம், அதற்குள் பிடிக்கவில்லையென்றால் வெளியே வந்து கேள்வித்தாள் இல்லாமல் மெடிகேப் வாங்கலாம். உங்கள் அட்வான்டேஜ் பிளான் மூடப்பட்டாலும் அந்த உரிமை வரும். பத்திரமாக வையுங்கள் என்று சொன்ன கடிதம் அதற்குத்தான் சாட்சி.

இந்தியா போகிறவர்களுக்கு

குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் சென்னை, கோவை, மதுரை என்று இருந்துவிட்டு வருவது நம் பெரியவர்கள் வழக்கம். ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் பணம் தராது. மெடிகேப்பில் டி (மருந்துக்கான பார்ட் டி வேறு), ஜி, எம், என் போன்ற பிளான்கள் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு உதவும். பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் வரும் அவசரத்துக்கு, 250 டாலர் டிடக்டிபிளுக்குப் பிறகு 80 சதவீதம், வாழ்நாளில் மொத்தம் 50,000 டாலர் வரை. அறுபது நாள் என்பதைக் கவனியுங்கள், பொங்கல் முடிந்து சித்திரை வரை தங்குகிறவர்களுக்குப் போதாது. அட்வான்டேஜில் சில பிளான்கள் உலகம் முழுக்க அவசர சிகிச்சை தருவதாகச் சொல்லும். வரம்பு எவ்வளவு என்று அதே ஆண்டு மாற்றக் கடிதத்தில் தேடுங்கள்.

அட்வான்டேஜில் இருப்பவர் பிளானின் எல்லைக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகப் பிளானிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீண்ட நாள் ஊரில் இருக்கிறோமே என்று பார்ட் பியை நிறுத்துகிறவர்களும் உண்டு. பிறகு மீண்டும் சேரும்போது, விட்டுப்போன ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம் பிரீமியத்தில் சேரும், அது பொதுவாக ஆயுள் முழுக்கத் தொடரும்.

ஊருக்குக் கிளம்பும் முன் மூன்று மாத மருந்து ஒன்றாக வேண்டும் என்றால் பார்மசியில் 'வெகேஷன் ஓவர்ரைடு' கேளுங்கள், பிளானைக் கூப்பிட்டு அனுமதி வாங்கித் தருவார்கள். விமானத்துக்கு முந்தின நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், டிசம்பரிலேயே ஊருக்குப் போகிறவர்கள் இந்த ஆண்டு மாற்ற வேலையை அக்டோபரிலேயே முடித்துவிட வேண்டும். புது அட்டை நீங்கள் இல்லாத வீட்டுக்கு வந்து கிடக்கும், அதை எடுத்து வைக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

சேரும்போது வரும் சிக்கல்கள்

மாற்றுவது என்று முடிவானால் மெடிகேர் தளத்திலோ, போனிலோ, பிளானிடம் நேரடியாகவோ சேரலாம். பழைய பார்ட் டி பிளானையோ அட்வான்டேஜ் பிளானையோ நீங்களாக ரத்து செய்யாதீர்கள். புதியதில் சேர்ந்தாலே ஜனவரி 1 அன்று பழையது தானாக விடும். மெடிகேப் மட்டும் தானாக விடாது, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

எச்எம்ஓ அல்லது பிபிஓ அட்வான்டேஜில் இருப்பவர், "மருந்துக்கு மட்டும் நல்ல பிளானாக ஒன்று" என்று தனி பார்ட் டி பிளானில் சேர்ந்தால், அட்வான்டேஜிலிருந்து வெளியேற்றப்பட்டு ஒரிஜினல் மெடிகேருக்குத் தள்ளப்படுவார். யாரும் எச்சரிக்க மாட்டார்கள். மெடிகேப்பும் இல்லாமல் 20 சதவீதப் பங்கோடு நிற்க வேண்டியதுதான். அதேபோல, பழைய அலுவலகம் தரும் ஓய்வுக்காலக் காப்பீடு இருப்பவர்கள் அந்த அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் சேரக் கூடாது. விட்டால் துணைவரின் காப்பீடும் சேர்ந்தே போகலாம், திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.

இந்தக் காலத்தில் எத்தனை முறை மனம் மாறினாலும் டிசம்பர் 7க்குள் கடைசியாகச் சேர்ந்த பிளான்தான் செல்லும். உறுதிப்படுத்தும் எண்ணை எழுதி வையுங்கள்.

போனில் "மெடிகேரிலிருந்து பேசுகிறோம், புது அட்டை அனுப்ப வேண்டும், எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் பேசாமல் வையுங்கள். நீங்கள் கேட்காமல் பிளான் விற்கக் கூப்பிடுவதற்கே அனுமதி கிடையாது. பெரியவர்கள் மரியாதைக்காகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாத தொகை

பார்ட் பி பிரீமியம் எல்லோருக்கும் அரசு வைப்பது. 2025இல் மாதம் 185 டாலர், 2026இல் 202.90. பார்ட் பி டிடக்டிபிள் 257இலிருந்து 283 ஆகியிருக்கிறது. இந்த அறிவிப்பு பெரும்பாலும் நீங்கள் பிளான் தேடிக்கொண்டிருக்கும் இலையுதிர் காலத்தில்தான் வரும். சோஷியல் செக்யூரிட்டி வாங்குகிறவர்களுக்கு அதிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். சமீபத்தில் ஓய்வு பெற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருமானம் அதிகமானவர்களுக்குப் பார்ட் பி, பார்ட் டி இரண்டிலும் கூடுதல் தொகை உண்டு, அதை இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கைப் பார்த்துப் போடுகிறார்கள். 2026க்கு 2024இன் வருமானம், தனிநபர் 109,000, தம்பதி 218,000 டாலரைத் தாண்டியிருந்தால் கூடுதல் வரும். இப்போது சம்பளமே இல்லை என்றால் சோஷியல் செக்யூரிட்டிக்கு எஸ்எஸ்ஏ-44 படிவம் அனுப்பிக் குறைக்கச் சொல்லலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் உதவி இருக்கிறது. மருந்துக்கு எக்ஸ்ட்ரா ஹெல்ப், பார்ட் பி பிரீமியத்துக்கு மாநிலத்தின் மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராம். தகுதி இருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

ஜனவரியில்

முதல் ரீஃபிலுக்குப் போகும்போது புது அட்டையைக் கொண்டுபோங்கள். பார்மசி கணினியில் பழைய அட்டைதான் இருக்கும், அவர்களாக மாற்ற மாட்டார்கள். ஒரு மருந்து புதுப் பிளானின் பட்டியலில் இல்லை என்றோ முன் அனுமதி வேண்டும் என்றோ சொன்னால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 90 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மாத மருந்தைத் தற்காலிகமாகத் தர வேண்டும் என்பது விதி. 'டிரான்சிஷன் ஃபில்' என்று கேளுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் டாக்டர் வழியாக விதிவிலக்கு கேட்கவோ வேறு மருந்துக்கு மாறவோ நேரம் கிடைக்கும்.

அட்வான்டேஜில் இருப்பவர்களுக்கு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஒரே ஒரு முறை வேறு அட்வான்டேஜுக்கு மாறலாம், அல்லது ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பி ஒரு பார்ட் டி பிளான் எடுக்கலாம். டாக்டர் நெட்வொர்க்கில் இல்லை என்று முதல் அப்பாயின்ட்மென்டில் தெரிந்தால் இதுதான் வழி. ஒரிஜினல் மெடிகேரும் தனி பார்ட் டியும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடையாது. அவர்கள் டிசம்பர் 7 அன்று எந்த மருந்துப் பிளானில் இருக்கிறார்களோ, விசேஷக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், ஆண்டு முழுக்க அதே பிளான்தான்.